வெயில் நாட்டில் பச்சைவீடு

பயிருக்கு மேலே கூரை இடுதல் நம் கமக்காரருக்குப் புதிய செயலன்று. புகையிலை நாற்றுமேடைக்கும் மிளகாய் நாற்றுமேடைக்கும் நான்கு கால் நட்டு, மேலே கிடுகு பரப்பி, கடும் வெயிலையும் அடைமழையையும் தடுத்து நாற்றை வளர்த்தெடுத்தல் நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். நாற்று வலுத்ததும் கிடுகு களையப்படும். அப்பந்தலின் நோக்கம் யாது? மேலிருந்து வருவதைத் தடுத்தல். பக்கத்திலிருந்து வரும் காற்றைத் தடாதிருத்தல். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டவருக்குப் பச்சைவீடு அமைக்கும் வேலையிற் பாதி விளங்கிவிட்டது எனலாம்.

ஆனாற் பச்சைவீடு பிறந்தது கிடுகுப் பந்தலிலிருந்து அன்று. அது குளிர் நாட்டிற் பிறந்தது. உரோமப் பேரரசன் திபேரியசுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரிக்காய் கிடைக்கும்பொருட்டு, ஒளி ஊடுருவும் கல்லைத் தகடாக்கி மாரிகாலத்தில் வெள்ளரிப் படுக்கைகளை மூடினர் எனப் பிளினி எழுதியுள்ளார். பின்னர்க் கண்ணாடி மலிந்தபோது ஐரோப்பாவெங்கும் கண்ணாடி வீடுகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றுக்கு நம் நாடும் கடமைப்பட்டுள்ளது. 1876 ஆம் ஆண்டில் என்றி விக்காம் அமேசன் காட்டிலிருந்து கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டனை அடுத்த கியூ பூங்காவின் கண்ணாடி வீடுகளிலேயே முளைத்தன. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள், வாட்டுப் பெட்டி எனப்படும் 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. கண்ணாடிக் கூரை இல்லாதிருப்பின் அவ்விதைகள் இலண்டன் குளிரில் முளைத்திரா.

குளிர் நாட்டார் கூரை வேய்ந்தது வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காக. நமக்கு வெப்பத்திற் குறைவில்லை. பருவம் தவறிய மழை, இலையை நனைத்து வரும் பங்கசு நோய், வெள்ளை ஈ காவிவரும் வைரசு நோய் ஆகியனவே நம் பயிரின் பகைகள். ஆகவே, பிறநாட்டுப் படத்தைப் பார்த்து அதே அமைப்பில் நம் தாழ்நிலத்தில் ஒரு வீட்டைக் கட்டுதல், வெப்பத்தைப் பிடிக்கும் பொறியொன்றை வெயில் நாட்டில் நாட்டுதலுக்கு ஒப்பாகும்.

இதன் விளைவு சிறிதன்று. கமக்காரர் ஒருவர் வங்கியிற் கடன்பெற்று, போதாததற்கு வீட்டு நகையையும் அடகு வைத்து, 1,000 சதுர அடியில் ஒரு வீடு அமைக்கின்றார் எனக் கொள்வோம். கூரை எட்டடி உயரம்; உச்சியிலே திறப்பில்லை; பூச்சி புகாதபடி நாற்புறமும் இறுக மூடியாயிற்று. செடி செழித்து வளர்கின்றது, பூவும் பூக்கின்றது. ஆனாற் பூக்கள் காம்போடு உதிர்கின்றன. உரத்திற் குறையென்று மேலும் உரம் இடுகின்றார். நோயென்று மருந்து தெளிக்கின்றார். குறை உரத்திலுமில்லை, நோயுமில்லை. நண்பகலில் அவ்வீட்டினுள் நிலவும் வெப்பமே பூவைக் கொல்கின்றது. கடனின் முதல் தவணை வரும்போது காய் இல்லை. கட்டுமுன் எண்ணியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நட்டம் இது.

வீடு ஏன் சூடேறுகின்றது?

கண்ணாடி ஒளியை உள்ளே விடும், வெப்பக் கதிரை வெளியே விடாது. ஆதலால் வீடு சூடேறுகின்றது என்று பாடநூல்கள் கூறிவந்தன. 1909 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் றொபேட்டு வூட்டு எளிய சோதனை ஒன்றால் இதனை ஆராய்ந்தார். இரு கறுப்புப் பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றையதை வெப்பக் கதிரைத் தடாது வெளியே விடும் இந்துப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. மூடியின் தன்மையினும், சூடேறிய காற்று மேலெழுந்து செல்லவொட்டாது அடைபட்டிருத்தலே பெருங்காரணம் என்பது இதனாற் புலப்பட்டது. அடைபட்ட காற்றே சூட்டுக்குக் காரணமாயின், அதற்கு வழிவிடுதலே மருந்தாகும்.

நண்பகல் வெயில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவாற்று வெப்பத்தைச் சொரிகின்றது. உடை அழுத்தும் மின்னழுத்தி ஒன்று சூடேறும் அளவு அது. 1,000 சதுர அடி வீட்டின் கூரைமேல் இத்தகைய தொண்ணூறு மின்னழுத்திகள் ஓயாது வேலை செய்கின்றன என்று எண்ணிப் பார்த்தல் நன்று. கூரை ஒரு பகுதியைத் திருப்பிவிடும். நன்கு வளர்ந்த பயிர் இலைகளினூடாக நீராவியை வெளிவிட்டு உள்வந்த வெப்பத்திற் பெரும்பங்கைத் தணித்துக்கொள்ளும். எனவே வீடு மிகக் கொடிதாயிருப்பது நாற்று நட்ட முதல் வாரங்களிலேயே. அப்போது இலைப்பரப்புச் சிறிது, வெறுந்தரை பெரிது. இதனை அறியாதார் முதிர்ந்த பயிருள்ள வீட்டைப் போய்ப் பார்த்து, உள்ளே இதமாக இருக்கின்றதே எனத் திரும்பிவிடுகின்றனர்.

உயரமும் உச்சித் திறப்பும்

20 அடி அகலமும் 50 அடி நீளமும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். தாழ்நிலத்தில் இதன் தாழ்வாரம் 10 முதல் 12 அடி உயரமும், முகடு 16 அடி உயரமும் உடையதாதல் வேண்டும். செலவு மிகுமே என்பர். மிகும். ஆனாற் சூடான காற்று செடியின் தலைக்கு மேலே ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். அன்றியும் புகுவழிக்கும் போக்குவழிக்கும் இடையே உயரம் கூடும்தோறும் காற்று விரைந்து எழும். குழாயிற் பணம் மிச்சம் பிடிக்க விரும்புவோர் வீட்டின் நீளத்தைக் குறைக்கட்டும், உயரத்தைக் குறைத்தலாகாது.

முகட்டின் நீளம் முழுவதும், ஒரு பக்கக் கூரையை மறுபக்கக் கூரைக்கு மேலாக உயர்த்தி, இரண்டு முதல் மூன்று அடித் திறப்பு விடுதல் வேண்டும். மேற்கூரையின் விளிம்பு கீழ்க்கூரைக்கு மேலாக இரண்டடியேனும் நீண்டிருப்பின் மழைச்சாரல் உட்புகாது. திறப்பு எத்திசையை நோக்குவது? காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக அமைந்தால், முகட்டைக் கடந்து செல்லும் காற்று உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சி எடுத்துச் செல்லும். வடபகுதியில் வெப்பம் மிகுந்த மாதங்களில் வீசுவது தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று. ஆதலால் அங்கே திறப்பு வடகிழக்கை நோக்குதல் தக்கது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையும் அதே வடகிழக்கிலிருந்தே வருமாதலால், மேற்சொன்ன இரண்டடி விளிம்பைச் சுருக்கலாகாது. மலைநாட்டிலோ பள்ளத்தாக்குத்தோறும் காற்றின் போக்கு மாறும். அங்கே புத்தகத்தைக் கேளாது, அந்நிலத்தில் நெடுநாள் வாழ்ந்தவரைக் கேட்டறிதல் வேண்டும்.

வீட்டை அகலமாக்குதல் நன்றன்று. பக்கக் காற்று நடுவரை எட்டாது நின்றுவிடும். பெரிய பரப்பு வேண்டுவோர் ஒரே பெரிய வீட்டுக்குப் பதிலாக இரு சிறு வீடுகளை இடைவெளி விட்டு அமைத்தல் நலம். ஒன்றில் நோய் புகுந்தாலும் மற்றையது தப்பும்.

வலையின் கணக்கு

பக்கச் சுவர் முழுவதும் பூச்சி வலையாக இருத்தல் தாழ்நில வீட்டின் இலக்கணம். வலை நுண்ணியதாகும்தோறும் பூச்சி குறையும், காற்றும் குறையும். மிகச் சிறிய வெள்ளை ஈ இனத்தைத் தடுக்கக் கண்ணின் அகலம் கால் மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாதல் வேண்டும். பனிப்பூச்சியைத் தடுக்கவோ ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கினும் குறைய வேண்டும். அத்துணை நுண்ணிய வலையைத் தாழ்நிலத்தில் நாற்புறமும் கட்டினால் வீடு மீண்டும் அடைத்த பெட்டியாகிவிடும். ஓர் அங்குலத்தில் 40 முதல் 50 இழை உள்ள வலையே பொதுவாகக் கொள்ளத் தக்கது. இதுவும் காற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். ஆதலாற் பத்தடிச் சுவரில் இரண்டடியைக் கீழே பொலித்தீனால் மறைத்து, எஞ்சிய எட்டடியையும் வலையாக்குதல் வேண்டும். அவ்வாறாயின் மேற்சொன்ன வீட்டில் 1,120 சதுர அடி வலைப்பரப்புக் கிடைக்கும். தரைப்பரப்பிலும் அது சற்று மிகுதி. முகட்டுத் திறப்புக்கும் வலை இடல் வேண்டும்.

வலை கட்டியதோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. சோளகக் காலத்திற் செம்மண் தூசி வலைக்கண்களை அடைக்கும். இரு வாரத்துக்கு ஒரு முறையேனும் நீர் பாய்ச்சிக் கழுவாத வலை, மாதக்கணக்கிற் சுவராக மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வதாற் பலர் இதனைக் கவனிப்பதில்லை.

வாயிலுக்கு இரு கதவுகள் தேவை. முதற்கதவைத் திறந்து சிற்றறையினுட் புகுந்து, அதனை மூடிய பின்னரே இரண்டாங் கதவைத் திறத்தல் வேண்டும். அவ்வறையிற் கால் கழுவவும் ஓரிடம் வைத்தல் நன்று. வெளியே பயிரிடையே வேலை செய்த உடையோடு உள்ளே நுழைவோர், வலைக்குச் செலவிட்ட பணத்தை வாயிலிலேயே இழக்கின்றனர்.

கூரையும் சட்டமும்

கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய தாளைக் கொண்டு பச்சைவீடு வேயலாம் என்பதை 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்றக்கிப் பல்கலைக்கழகத்தில் எமட்டு என்னும் பேராசிரியர் செய்து காட்டினார். இன்று நம் நாட்டில் வழங்குவது புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொலித்தீன். 200 மைக்கிரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்புள்ளதை வாங்குதல் வேண்டும். நன்கு பேணினால் அது மூன்று ஆண்டளவு நிலைக்கும். சாதாரணப் பொலித்தீன் விலை மலிவெனினும், ஓராண்டு நிறையுமுன் நொறுங்கி உதிரும். குழாயின்மீது படும் இடத்தில் இரும்பின் சூட்டாற் பொலித்தீன் முதலிற் கெடும். ஆங்கே குழாய்க்கு வெண்ணிற வர்ணம் பூசுக. கந்தக மருந்தும் பொலித்தீனைக் கெடுக்கும்.

சட்டத்துக்கு நாகம் பூசிய இரும்புக் குழாய் சிறந்தது. கடற்கரைக் கிராமங்களில் உப்புக் காற்றால் அதுவும் துருப்பிடிக்கும். பனைமரச் சலாகை கிடைக்கும் இடங்களில் அதனைக் கொண்டு உறுதியான சட்டம் அமைக்கலாம். தரையைத் தொடும் பகுதியைக் கறையான் அணுகாதவாறு சீமெந்துத் தூணின்மேல் இருத்துதல் வேண்டும். பெண்பனையைத் தறிக்க முன் அனுமதி பெறவேண்டும் என்பதை மறத்தலாகாது.

காற்றைப் பற்றி அஞ்சத்தான் வேண்டும். மணிக்கு 108 கிலோமீற்றர் வேகக் காற்று, ஒரு சதுர மீற்றரில் ஐம்பது கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்கும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். பாரம் குறைந்த பச்சைவீட்டைக் காற்று சாய்ப்பதிலும் மேலே தூக்குவதே மிகுதி. ஆகவே தூண்கள் இரண்டடி ஆழக் குழியிற் கொங்கிறீற்று இட்டு நாட்டப்பட வேண்டும். 1978 ஆம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளி மட்டக்களப்புப் பகுதியில் ஓட்டு வீடுகளின் கூரையையே பெயர்த்தெறிந்தது. அத்தகைய காற்றுக்கு முன் எப்பொலித்தீனும் நில்லாது. எச்சரிக்கை கேட்டவுடன் கூரைத் தாளைக் கழற்றிச் சுருட்டி வைக்கத்தக்கவாறு, ஆணி அடியாது, கழற்றக்கூடிய பிடிப்புக்களால் அதனைப் பொருத்துதல் வேண்டும். தாளைக் கழற்றினாற் சட்டம் தப்பும். கழற்றாவிடின் இரண்டும் போம்.

தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி முதலியவற்றை நூலிற் கட்டி மேலே ஏற்றுவோர் காய்ச்சுமையையும் கணக்கிடுதல் வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு 15 கிலோகிராம் எனக் கொண்டால், நம் சிறு வீட்டிலேயே ஆயிரத்து முந்நூறு கிலோகிராமுக்கு மேல் வரும். இதனைக் கூரைச் சட்டத்தில் ஏற்றாது, தனித் தூண்களில் கம்பி இழுத்துத் தாங்கச் செய்க.

நிழலும் நீர்த்தூவலும்

தென் ஸ்பெயினின் அல்மேரியாவில் ஏறத்தாழ 30,000 எக்டேயர் நிலம் பொலித்தீன் வீடுகளால் மூடப்பட்டுள்ளது. ஆங்கும் கோடை வந்தவுடன் கூரைமேல் வெண்சுண்ணம் பூசுகின்றனர். அவர்களே அவ்வாறு செய்வராயின், நாம் நிழலைப் புறக்கணித்தல் எங்ஙனம்? நிழல்வலையைக் கூரைக்குக் கீழே கட்டினால், வலை ஏற்ற சூடு வீட்டினுள்ளேயே தங்கும். கூரைக்கு மேலே, ஓரடி இடைவெளி விட்டுக் கட்டுக. காய்ப்பயிருக்கு 30 சதவீத நிழல் போதும். மழைமூட்டமான மாதங்களில் அதனை நீக்கிவிடல் வேண்டும். ஒளி குறைந்தாற் செடி நெடுத்து மெலியும்.

நீரைப் புகைபோல் தூவும் கருவிகளை விற்போர் பலர். உலர்ந்த காற்றில் அவை நன்கு குளிர்விக்கும். காற்று முன்னரே ஈரம் நிறைந்திருப்பின் தூவிய நீர் ஆவியாகாது. இலையை நனைத்து நோயை வரவழைக்கும். ஈர வலயத்தில் இதற்குப் பணம் செலவிடுதல் வீண். உலர் வலயத்தில் முகட்டுத் திறப்பும் நிழலும் அமைத்த பின்னரே இதனைப் பற்றி எண்ணலாம்.

எவ்வளவு செய்தாலும் பச்சைவீடு இரவைக் குளிரச் செய்யாது. தக்காளி காய்ப்பிடிக்கப் பகலில் 32 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பமும், குளிர்ந்த இரவும் வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை யாழ்ப்பாணத்து இரவு 25 பாகைக்குக் கீழே இறங்குதல் அரிது. அம்மாதங்களில் தக்காளியைப் பூக்கவைக்க முயலாது, வெப்பம் தாங்கும் பயிரை இடுக; மார்கழி, தை மாதங்களிற் பூக்குமாறு தக்காளி நாற்றை நடுக. பருவத்தை வெல்லும் வீடு என விற்பனையாளர் கூறுவதைக் கமக்காரர் இவ்வளவில் நிறுத்திக் கேட்டல் நன்று.

மலைநாட்டில்

நுவரெலியா 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஆங்கே பகல் வெப்பம் சற்றுக் கூடுதல் பயிருக்கு நன்மை. மழை இலையில் விழாமையால் தக்காளியின் பின்வெளிறல் நோயும் பெரிதும் குறையும். பக்கங்களில் சுருட்டி ஏற்றக்கூடிய பொலித்தீன் திரை போதும். ஆனால் இருவகைத் தவறு நேர்கின்றது. ஒன்று, குளிருக்கு அஞ்சி விடிந்த பின்னரும் திரையைத் தாழ்த்தியே வைத்தல். இரவில் கூரையின் உட்புறத்தில் வியர்த்த நீர் துளித்துளியாக இலைமேல் விழ, மழையைத் தடுத்ததன் பயன் கெட்டுச் சாம்பற் பூஞ்சணம் பற்றும். காலை வெயில் பட்டதும் திரையை ஏற்றி இலையை உலரவிடல் வேண்டும். மற்றது, தை, மாசி மாதங்களில் உறைபனியைப் பொலித்தீன் தடுக்கும் என நம்புதல். மெல்லிய பொலித்தீன் வெப்பக் கதிரை எளிதாக வெளியே விட்டுவிடும். அசைவற்ற தெளிவான இரவில் உள்ளே வெளியினும் மிகுந்த வெப்பம் இராது. அவ்விரவுகளுக்கு உள்ளே மற்றொரு மூடுதிரை வேண்டும்.

சரிவு நிலத்திற் கூரைநீரைக் கண்டபடி விடுதல் பெருங்கேடு. படிவெட்டிய மண்ணின்மேல் கூரை முழுவதன் மழையும் ஓரிடத்தில் விழுமாயின் மண்சரிவுக்கு அதுவே தொடக்கமாகலாம். பீலி இட்டுக் கல் பதித்த வாய்க்காலில் அதனை இறக்குதல் கட்டாயம்.

நீரும் ஊடகமும்

வறண்ட பகுதியில் அதே கூரைநீர் செல்வமாகும். 25 மில்லிமீற்றர் மழை 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து 2,300 லீற்றர் நீரைத் தரும். 250 தக்காளிச் செடிகளுக்கு அது ஐந்தாறு நாட்களுக்குப் போதும். சுண்ணாம்பும் உவரும் கலந்த கிணற்று நீரோடு ஒப்பிடின் மழைநீர் சொட்டுக் குழாய்களை அடைக்காது. உரக்கரைசலும் அதிற் செவ்வையாகக் கரையும்.

பக்றீரியா வாடலும் வட்டப்புழுவும் உள்ள மண்ணில் வீட்டைக் கட்டினால், வலை அவற்றைத் தடுக்காது. எனவே பைகளில் தென்னந் தும்புத் தூளை நிரப்பி நடுதல் பெருவழக்காயிற்று. தும்புத் தூளை நல்ல நீரிற் பலமுறை அலசி உப்பைப் போக்கிய பின்னரே பயன்படுத்துக; அதில் ஊட்டம் மிகக் குறைவாதலால் அல்பேட்டு உரக் கரைசலை அளவாகக் கொடுத்தல் வேண்டும். பையிலிருந்து வழியும் கரைசலை நிலத்தில் விடாது, வாய்க்காலிற் சேர்த்து வெளியே தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுக. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையினூடாக நைத்திரேற்று எளிதிற் கிணற்றுக்கு இறங்கும். அக்கிணற்று நீரையே குழந்தைகளும் குடிக்கின்றனர்.

வலைக்குள் தேனீ வராது என்பதையும் நினைவிற் கொள்க. தக்காளி பூத்த நாட்களில் முற்பகலிற் கட்டிய நூலை மெல்லத் தட்டி அசைத்தால் மகரந்தம் உதிர்ந்து காய்ப்பிடிக்கும். வெள்ளரியில், மகரந்தச் சேர்க்கை இன்றிக் காய்க்கும் இனத்தைத் தெரிதல் வேண்டும்.

வெப்பமானி

இத்தனைக்கும் பிறகு வீடு சரியாக அமைந்ததா என அறிவது எவ்வாறு? ஒரே வகை வெப்பமானிகள் இரண்டை வாங்குக. ஒன்றை வீட்டின் நடுவில், செடியின் உயரத்தில், வெயில் படாதவாறு மூடியிட்டுத் தொங்கவிடுக; மற்றையதை வெளியே அதேபோல் நிழலில் தொங்கவிடுக. நண்பகல் முதல் இரண்டு மணி வரை இரு வாரங்கள் குறித்து வருக. உள்ளே வெளியினும் இரண்டு மூன்று பாகைக்கு மேற்படாதிருப்பின் வீடு நன்று. ஐந்து, ஆறு பாகை கூடுதலாயின் நாற்றை நடாது, வலையைக் கழுவி, திறப்பைப் பெருக்கி, மேல்நிழலிட்டு மறுபடியும் அளந்து பார்த்தல் வேண்டும்.

கடன் பெறுமுன், தம் மாவட்டத்தில் ஈராண்டுக்கு மேலாக இயங்கிவரும் வீடு ஒன்றை வெயில் நாளின் நண்பகலிற் சென்று, அதனுள் அரை மணி நேரம் நின்று பார்க்குமாறு கமக்காரர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். நிலத்துக்கேற்ற அமைப்பும் பயிரும் பற்றி அறிய விரும்புவோர் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை நேரில் அணுகலாம். செல்லும்போது நிலத்தின் சிறு வரைபடமும், காற்று வரும் திசையைப் பற்றிய குறிப்பும், ஒரு போத்தல் கிணற்று நீரும் கொண்டு செல்க.